அரையாண்டு லீவில் ஒரு நாள் பாண்டி: எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் கடலூரிலிருந்து எங்கள் குடும்பம் மொத்தமும் பிள்ளைகளோடு ஒரு நாள் பாண்டிக்குப் போய்வரும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் என் போன் ஓயாது. சென்னையிலிருந்து தம்பி கேட்பான், நெய்வேலியிலிருந்து தங்கை கேட்பாள், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்பாள். எங்களைப் பார்த்துத் தாங்களும் அப்படி ஒரு நாள் போய்வரலாம் என்று நினைக்கும் மஞ்சக்குப்பத்து அக்கம்பக்கத்தாரும் கேட்பார்கள். வீட்டுக்கு மூத்தவள் என்ற முறையில் ஏற்பாடெல்லாம் என் தலையில்தான். அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது?

ஆயாவின் கண்ணால். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பாவின் அம்மாவுக்குப் பாண்டியில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். அப்பாவுக்கு டிசம்பர் கடைசியில்தான் லீவு தோதுப்படும். அப்போது எங்களுக்கும் பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் ஆள் இல்லை. ஆகவே எல்லாரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். பாவை விரிந்துபோய் ஆயாவுக்கு வெளிச்சமே ஆகாது. சேலைத் தலைப்பை நெற்றிக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையை எங்களில் யாராவது ஒருவர் தோளில் ஊன்றியபடி நடப்பார். வெயில் தாழாமல் பஸ்ஸில் உட்கார வைக்க முடியாது என்பதால் அப்பா எங்களைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போய்விடுவார். பாண்டிக் கடற்கரை கிழக்கு பார்த்தது. மாலையில் கட்டடங்களின் நிழல் சாலை முழுக்க விழுந்துவிடும். அந்த நிழலில் ஆயா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், நாங்கள் ஓடித் திரிவோம். ஆயா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. டிசம்பர் வந்தால் பாண்டி என்பது மட்டும் நிலைத்துவிட்டது.

கோடை லீவில் போகலாமே? இல்லையென்றால் காணும் பொங்கல் அன்று?

மே மாதக் கத்திரி வெயிலில் பிள்ளைகளைத் தார்ச்சாலையில் நடக்கவைப்பது பாவம். காணும் பொங்கல் அன்று மாவட்டமே வீட்டை விட்டு வெளியே வந்துவிடும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கால் வைக்க இடம் இருக்காது, பாண்டியிலும் அதே கதைதான். போதாக்குறைக்கு, பொங்கல் முடிந்த கையோடு தை 5 அன்று பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா வந்துவிடுகிறது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். மணலில் ராட்டினமும் கடைகளும் போட்டிருப்பார்கள், சுருளிக்கிழங்கு கூறு கட்டி விற்பார்கள். அந்தச் சமயத்தில் கடலூர்க்காரர் வெளியூர் போவதாவது!

டிசம்பர் கடைசியில் காற்று குளிர்ந்திருக்கும், மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். எப்போதும் என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நமக்கும் பாண்டிக்கும் நடுவில்தான் கரையேறியது. மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அந்த வருஷம் பாண்டியும் இல்லை, கரண்டும் இல்லை.

தேதியை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

டிசம்பர் 26க்கும் 29க்கும் நடுவில் ஒரு நாள். திங்கள் கூடாது, அருங்காட்சியகம் மூடியிருக்கும். ஞாயிறும் வேண்டாம். மகாத்மா காந்தி வீதி முழுக்க ஞாயிற்றுச் சந்தை விரித்துவிடுவார்கள். பெண்கள் துணிக்கடையை விட்டு நகர மாட்டோம், பிள்ளைகள் நாள் வீணாகிவிடும். 31ஆம் தேதி பற்றிக் கேட்கவே வேண்டாம். புத்தாண்டுக்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இறங்கும் கூட்டத்தில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது நம்மால் ஆகாது.

காரில் வரலாமா?

வரலாம், ஆனால் வராதீர்கள். தம்பி ஒருமுறை கார் எடுத்து வந்தான். வெள்ளைக்காரத் தெருப் பக்கம் ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றி, கடைசியில் எங்கோ நிறுத்திவிட்டு வருவதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டோம்.

பஸ்தான் சுகம். கடலூரிலிருந்து பாண்டிக்கு விடிந்ததிலிருந்து ஒன்று விட்டு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு முன்னால் ஏறிவிட்டால் எல்லாருக்கும் சீட் கிடைக்கும். ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடையில் மாநில எல்லை, அப்புறம் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலம் வந்ததும் எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பும், படகு தெரிகிறதா என்று பார்க்க. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம் தாண்டினால் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும்.

ஜன்னலுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கடலூரில் ஏறும்போது பெரிய பசங்களுக்கு ஜன்னல், கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் சின்னவர்களுக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். அந்த நிறுத்தம் எப்போது வரும் என்று எங்கள் வீட்டுப் பொடிசுகள் கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு நச்சரிக்கும். வாந்தி வருபவர்களுக்கு ஆளுக்கொரு எலுமிச்சம்பழமும் கவரும் என் பையில் இருக்கும். காலையில் பால் கொடுக்காமல் இட்லி கொடுத்துக் கூட்டி வாருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ. ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பாண்டி என்றால் ஆம்பளைகளுக்கு வேறு நினைப்பு வருமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நல்ல கேள்வி. கேட்டது யார் என்றும் தெரியும். முள்ளோடையில் பஸ் நிற்கும்போது எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் எழுந்திருக்கக் கூடாது. சோடா, சிகரெட், "கால் மரத்துப்போச்சு", எந்தக் காரணமும் செல்லாது. பைக்கில் தனியாக வருகிறேன், அங்கே பெட்ரோல் விலை குறைவு என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். அதுவும் செல்லவில்லை. இந்த ஒரு நாள் பிள்ளைகளுடையது. மற்ற நாட்களுக்கு நான் பொறுப்பில்லை.

அங்கே போய் என்னதான் செய்கிறீர்கள்?

காலையில் மணக்குள விநாயகர் கோயில். பிறகு பாரதி பூங்கா, ஆயி மண்டபம், அருங்காட்சியகம். மதியம் கட்டுச்சோறு. சாப்பிட்டுக் களைப்பாறியதும் துய்மா வீதிப் பக்கம் நடை, தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் குடில். நான்கு மணிக்கு மேல் கடற்கரைச் சாலை. இருட்டியதும் பஸ். அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருஷமும் அதே இடங்களா? பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

இதைக் கேட்பது எப்போதும் பெரியவர்கள்தான். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளைகூட இதுவரை கேட்டதில்லை. மாற்றினால்தான் சண்டைக்கு வருகிறார்கள். ஒருமுறை கூட்டம் அதிகம் என்று பூங்காவை விட்டுவிட்டு நேராக அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றேன். ஆறு வயசுக்காரன் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். "ஆயி வீட்ட பாத்துட்டுத்தான் பானை!" என்று ஒரே பிடிவாதம். பானை என்றால் அருங்காட்சியகத்து ரோமானியச் சாடி. அவனுக்கு வரிசை மனப்பாடம்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் புரியும். பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் என்பது மிக நீளமான காலம். போன தடவை எட்டாத குழாயை இந்தத் தடவை எட்டிப் பிடிப்பது, போன தடவை பயந்த சிலைக்குப் பக்கத்தில் இந்தத் தடவை போய் நிற்பது, போன தடவை தனக்குச் சொல்லப்பட்ட கதையை இந்தத் தடவை தன் தங்கைக்குத் தானே சொல்வது, இதெல்லாம் அதே இடத்துக்குத் திரும்பிப் போனால்தான் நடக்கும். புது இடத்தில் எல்லாரும் புதுசு, எல்லாருக்கும் பராக்குப் பார்க்கவே நேரம் போதாது.

ஆகவே "இந்த வருஷம் இன்னும் ஒரு இடம் சேர்த்துக்கலாமே அக்கா" என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். எதையாவது எடுத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். எதை எடுப்பது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டு ஜெயித்ததில்லை.

ஆயி மண்டபத்தில் என்ன இருக்கிறது?

பார்த்தால் பூங்காவுக்கு நடுவில் ஒரு வெள்ளை மண்டபம். கதை தெரிந்தால் பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கதை இதுதான். விஜயநகர ராஜா இந்தப் பக்கம் வந்தபோது ஒரு வீட்டில் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்ததைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு. விஷயம் தெரிந்ததும் ராஜாவுக்கு அவமானம், கோபம், இடித்துத் தள்ளுங்கள் என்று உத்தரவு. ஆயி அழவில்லை. நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, அதே இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிவிட்டாள். முன்னூறு வருஷம் கழித்து, பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்தில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாதபோது முத்திரையர்பாளையத்திலிருந்து அந்தத் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாக வந்தது. பிரான்சை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலம் அது. சக்கரவர்த்தி பெயரில் இல்லாமல் ஒரு தாசியின் பெயரில் மண்டபம் நிற்கிறது.

தாசி என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். "ஆடிப் பாடிச் சம்பாதித்தவங்க" என்று எங்கள் அம்மா ஒரு பதில் வைத்திருக்கிறார். அது போதும். ராஜா மேல் தப்பா, ஆயி மேல் தப்பா என்பது பற்றித்தான் விவாதம் சூடாக நடக்கும்.

மணக்குள விநாயகர் கோயிலில் யானை இருக்குமா?

இல்லை. லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைக்குப் போனபோது தெருவிலேயே மயங்கி விழுந்து இறந்துவிட்டது. பாண்டி மொத்தமும் தெருவுக்கு வந்து அழுதது. அந்த டிசம்பரில் நாங்கள் போனபோது கோயில் வாசலில் யானை நிற்கும் இடத்துக்கு வந்ததும் பிள்ளைகள் கப்சிப்பென்று ஆகிவிட்டார்கள். கையில் ஒரு ரூபாய்க் காசை வைத்துக்கொண்டு ஒருத்தி அப்படியே நின்றாள். அப்புறம் உண்டியலில் போட்டாள்.

புதிதாக வரும் சின்னக் குழந்தைகளிடம் யானை இருக்கிறது என்று ஆசை காட்டிக் கூட்டி வராதீர்கள். உள்ளே சுவர் முழுக்க விதவிதமான விநாயகர் வடிவங்கள் வண்ணத்தில் இருக்கின்றன. அதில் எலி எங்கே, கொழுக்கட்டை எங்கே என்று தேடவிட்டால் நேரம் போவதே தெரியாது.

அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் போரடிக்காதா?

முழுதாகச் சுற்றிக் காட்டினால் கட்டாயம் போரடிக்கும். வெண்கலச் சிலைகள், பீங்கான், பழைய கட்டில், நாற்காலி என்று வரிசையாகப் பார்க்க வைத்தால் பெரியவர்களுக்கே கொட்டாவி வரும். எங்களுக்கு அங்கே இரண்டே இரண்டு வேலை.

முதலாவது, அரிக்கமேட்டுச் சாமான்கள். காலையில் பஸ்ஸில் தாண்டி வந்தோமே, அந்த அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தான் அரிக்கமேடு. மார்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் 1945இல் அங்கே தோண்டினார். ரோமானியச் சாடித் துண்டுகள், அவர்கள் நாட்டு மட்பாண்டங்கள், பாசிமணி செய்யும் தொழில் நடந்ததற்கான தடயங்கள் எல்லாம் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கப்பலில் ஒயின் ஏற்றிக்கொண்டு ரோமிலிருந்து இங்கே வந்து, மணியும் துணியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "அப்பவே பாண்டியில சரக்கா?" என்று சித்தப்பா ஒவ்வொரு வருஷமும் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் அவர் ஒருவர்தான் சிரிப்பார். பிள்ளைகள் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு மணிகளைப் பார்ப்பார்கள். ஒரு எள்ளளவு மணியில் ஓட்டை போட்டிருக்கிறார்களே, எதனால் போட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத விவகாரம்.

இரண்டாவது, புஷ் வண்டி. பிரெஞ்சுக்காரர் காலத்து வாகனம். பின்னால் ஒரு ஆள் தள்ளுவார், உள்ளே உட்கார்ந்திருக்கும் துரை முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொள்வார். சொகுசாக உட்கார்ந்தவனுக்கும் ஓட்டுகிற வேலை இருந்திருக்கிறது பாருங்கள். தொடக் கூடாது, தொட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பாரதியார் வீட்டுக்குப் போவதுண்டா?

ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் வந்தவர்களை மட்டும் மாமா தனியாக அழைத்துப்போவார். மற்றவர்கள் அந்த நேரத்தில் பூங்காவில் விளையாடுவார்கள். அங்கே போவதற்கென்று ஒரு வயசு இருப்பதே பசங்களுக்குப் பெருமை. சின்னவர்கள் ஏங்கட்டும், தப்பில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு அதில் ஒரு உள்ளூர்க் கணக்கும் இருக்கிறது. பாரதி 1908இல் பாண்டிக்கு வந்து பத்து வருஷம் இருந்தார். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் ஆங்கிலேயர் பிடித்துக் கடலூர் சிறையில் போட்டார்கள். "அங்க இருந்தவரைக்கும் நல்லா இருந்தாரு, நம்ம ஊருக்கு வந்ததும் ஜெயிலா?" என்று தங்கை மகன் ரொம்ப வருத்தப்பட்டான்.

மதியச் சாப்பாடு?

கட்டுச்சோறுதான். ஹோட்டல் கிடையாது. இத்தனை பேருக்கும் ஒரே இடத்தில் இலை விழ வேண்டுமென்றால் டிசம்பர் லீவில் ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வேண்டும். பசித்த பிள்ளைகளோடு அது முடியாது.

புளிசோறு அம்மா பொறுப்பு. முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் கிண்டிவிடுவார். காலையில் சோறு வடித்து, தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் கையால்தான் பிசைவார். கரண்டி பட்டால் சோறு உடையும் என்பார். நெய்வேலித் தங்கை தயிர்சாதம் கொண்டுவருவாள். பால் அதிகமாகவும் தயிர் கொஞ்சமாகவும் விட்டுப் பிசைந்தால்தான் மதியம் வரை புளிக்காது. அதில் திராட்சையும் மாதுளையும் போடுகிற புது நாகரிகம் எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய், மாங்காய்த் தொக்கு. முட்டையை அவித்து எடுத்துவந்தால் பஸ் முழுக்க நாறும், வேண்டாம்.

மரத்தடியில் பேப்பர் விரித்துச் சாப்பிடுவோம். மந்தாரை இலைத் தட்டு, வீட்டிலிருந்தே தண்ணீர். சாப்பிட்ட குப்பை ஒரு பையில் திரும்பி வர வேண்டும். அந்தப் பையைத் தூக்குவது அந்த வருஷம் ஜன்னல் சண்டையில் யார் அடிதடி வரை போனார்களோ அவர்கள். சாப்பிட்டதும் பெரியவர்கள் அரை மணி நேரம் படுப்போம். இது கட்டாயம். காலை முதல் ராத்திரி வரை நிற்காமல் ஓடினால் மாலையில் முதலில் அழுவது பிள்ளைகள் இல்லை, நாம்தான்.

நாம் இந்துக்கள், தேவாலயத்துக்குள் போகலாமா?

தாராளமாக. இரயிலடிக்குப் பக்கத்தில் உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்குத்தான் அதிகம் போவோம். 1907இல் திறந்தது, 2011இல் பசிலிக்கா ஆனது. உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வழியாக வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாக விழும். சின்னவர்கள் அந்த நிறத்தின் மேல் கையை நீட்டிப் பார்ப்பார்கள். பூசை நடந்தால் வெளியே காத்திருங்கள். குடிலில் மாட்டையும் ஆட்டையும் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

கால் வலி உள்ளவர்கள் துய்மா வீதியிலுள்ள கப்ஸ் கோயில் என்ற தேவாலயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எதிரே சின்னத் தோட்டத்தில் ஜான் ஆஃப் ஆர்க் சிலை இருக்கிறது. படைக்குத் தலைமை தாங்கிய ஒரு பெண் பத்தொன்பது வயசிலேயே செத்துப்போனாள் என்றால் எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறார்கள்.

நடக்கும்போது பிள்ளைகள் "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டால்?

பெயர்ப்பலகை விளையாட்டு. அந்தப் பக்கத் தெருக்களில் நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் எழுதியிருக்கும். புதுப் பலகையை முதலில் பார்த்தவருக்கு ஒரு புள்ளி. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரைப் பார்த்தால் இரண்டு. அந்த உருளைத் தொப்பி பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது. வேறெங்கும் கிடைக்காத காட்சி என்பதால் இரண்டு புள்ளி நியாயம்தான். புள்ளிக்குப் பரிசு எதுவும் இல்லை. கேட்டால் அடுத்த வருஷம் என்று சொல்லிவிடுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. பாண்டி நகரக் கடற்கரையில் பெரும்பகுதி மணலே இல்லை, பாறாங்கல்தான். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், சொல்லிக்கொடுங்கள். இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டினார்கள். வந்துகொண்டிருந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வடக்கே நகரத்துப் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்தது, தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு தடுப்பை இறக்கியதும் அங்கே மறுபடி மணல் சேர்ந்தது. அந்த மணலில் கூட்டம் அலைமோதும்.

ஆனால் மணல் இருக்கிறதே என்று இறங்காதீர்கள். அங்கே உயிர் போவது அடிக்கடி செய்தியில் வருகிறது. கால் நனைக்க ஆசைப்பட்டால் கைப்பிடித்து, கணுக்கால் வரை. பாறை மேல் ஏறவும் விடாதீர்கள், பாசி வழுக்கும்.

அங்கே வேறு வேலை நிறைய இருக்கிறது. மாலை ஆறு மணியிலிருந்து அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். நடுரோட்டில் ஓடலாம் என்பதே நகரத்துப் பிள்ளைக்குப் பெரிய சுதந்திரம். 1836இல் முதலில் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கல்தூண்கள் நிற்கின்றன. ஒரு தூணை விட்டு அடுத்த தூணுக்கு ஓடிப்பிடித்து விளையாடுவது எங்கள் தலைமுறையிலிருந்தே நடக்கிறது. முட்டியில் தழும்போடு அதற்குச் சாட்சிகள் குடும்பத்தில் உண்டு.

சுண்ணாம்பாறு படகு, பாரடைஸ் பீச், ஆரோவில்?

மூன்றும் நல்ல இடங்கள், இந்த நாளுக்கு மூன்றும் வேண்டாம். சுண்ணாம்பாற்றில் டிசம்பர் லீவில் டிக்கெட் வரிசையிலேயே அரை நாள் போய்விடும். ஆரோவில்லில் மாத்ரிமந்திர் என்ற தியானக் கட்டடத்தின் உள் மண்டபத்துக்குப் பத்து வயசுக்கு உட்பட்டவர்களை விடுவதில்லை, எங்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் அந்த ரகம். அரவிந்தர் ஆசிரமத்திலும் மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. மற்றவர்களும் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், எங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ரிஸ்க் எடுக்க நான் தயாரில்லை.

பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்கு எவ்வளவு?

ஆளுக்கு நூறு ரூபாய், அம்மா கையால். வயசு வித்தியாசம் கிடையாது. ஒன்றே ஒன்று: மாலை விளக்குப் போடும்வரை செலவு செய்யக் கூடாது. காலையிலேயே கொடுத்துவிடுவோம், பையிலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திட்டம் போடட்டும். வானத்தில் சுழற்றிவிடும் விளக்குப் பொம்மைதான் கடைசியில் பாதிப் பேர் வாங்குவது, வீடு வருவதற்குள் உடையவும் உடையும். உடைந்ததற்குப் பதில் இன்னொன்று வாங்கித் தரும் தாய்மாமன்கள் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட வேண்டும். சுண்டல், பஜ்ஜி, ஐஸ்கிரீம் பொதுக் கணக்கு.

யாராவது தொலைந்துபோனால்?

காந்தி சிலைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். கடற்கரையில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவது அது ஒன்றுதான். ஒவ்வொரு பிள்ளையின் முன்கையிலும் பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு போன் நம்பர் எழுதிவிடுவேன், பஸ்ஸிலேயே. இரண்டு ஏன் என்றால் ஒரு நம்பர் எப்போதும் சார்ஜ் இல்லாமல் இருக்கும். சின்னவர்களை எண்ணுவதற்குப் பெரிய பசங்களை நியமிப்போம், ஒரு பெரியவருக்கு இரண்டு சின்னவர்.

பெரிய பசங்க வரமாட்டேன் என்றால்?

பத்தாம் வகுப்பு வந்ததும் இது தொடங்கும். கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும். வாட்ஸப்பில் தூண் ஓட்டத்தின் வீடியோ வந்ததும் அடுத்த வருஷம் தானாக வருவார்கள், ஆனால் "சின்னதுகளைப் பாத்துக்க ஆள் வேணுமே" என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு. அந்தச் சாக்கை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், கிண்டல் செய்யாதீர்கள்.

கழிவறை?

கோயில் தாண்டியதும் ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை, கடற்கரைக்குப் போகும் முன் ஒருமுறை. வருகிறதோ இல்லையோ போயாக வேண்டும். கடற்கரைச் சாலையில் கட்டணக் கழிவறை இருக்கிறது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால்?

தூறல் என்றால் போவோம். காலை ஐந்து மணிக்குக் கொட்டிக்கொண்டிருந்தால் அடுத்த நாள். புயல் எச்சரிக்கை இருந்தால் அந்த வருஷத்துக்குப் புளிசோற்றை வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளைகள் அதையும் பாண்டி என்றுதான் கணக்கில் வைப்பார்கள், ஆகவே நூறு ரூபாய் கொடுத்துவிட வேண்டும்.

செலவை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பஸ், ஆட்டோ, டிக்கெட், தின்பண்டம் எல்லாம் என் நோட்டில் எழுதிக்கொண்டே வருவேன். மறுநாள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்து அனுப்புவேன். தலைக்கணக்கு கிடையாது. மூன்று பிள்ளை உள்ளவர் மூன்று மடங்கு கொடுத்தால் அடுத்த வருஷம் வருவாரா? அம்மாவிடம் வாங்குவதில்லை, புளிசோறுக்கே அவருக்கு நாங்கள் கடன். புதுமருமகளிடம் முதல் வருஷம் வாங்குவதில்லை. அக்கம்பக்கத்தார் சேர்ந்துகொண்டால் அவர்கள் பங்கை அவர்களே பார்த்துக்கொள்ளலாம், சாப்பாடு மட்டும் எங்களோடு. எல்லாரும் ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். சித்தப்பாவிடம் மட்டும் கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே முன்பணமாக வாங்கிவிடுவேன்.